பிரிவுக் கூட்டம்

தேர்தலில் ஜெயித்தவர்கள் இழவு விழுந்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்களா? என் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். முடிவு வந்த அன்றைக்குத் தெருவே அவளைத் தோளில் தூக்காத குறை. மறுநாளிலிருந்து அவள் என் ஜெராக்ஸ் கடையின் பின்னறைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கூப்பிட்டால் "ம்" என்பாள். ராத்திரியிலும் தூக்கமில்லை என்று அவள் வீட்டுக்காரர் வந்து என்னிடம் புலம்பிவிட்டுப் போனார்.

"என்னடி வந்துச்சு உனக்கு? தோத்தவன்கூட உன்னைவிடத் தெம்பா நடமாடுறான்!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். எனக்கும் பொறுமைக்கும் ரொம்ப தூரம். மெஷினில் பேப்பர் சிக்கினால் மெஷினைத் திட்டுவேன், பேப்பரைத் திட்டுவேன், அதைக் கொண்டுவந்த ஆளையும் விடமாட்டேன். தெருவில் எனக்குப் 'பட்டாசு' என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"போன தடவை ஜெயிச்சாரே மருந்துக்கடைக்காரர், அவரை நினைச்சுப் பாருக்கா" என்றாள் தங்கச்சி. "நல்ல மனுசன். நாமதானே ஓட்டுப் போட்டோம்? போட்டுட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டோம். நகரசபையில அவர் ஒத்தை ஆள். கொஞ்ச நாள் கத்திப் பார்த்தார். அப்புறம் அவங்க நீட்டுன இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டார். இப்ப வெக்கப்பட்டுக்கிட்டு நம்ம தெருப் பக்கமே வர்றதில்ல. அவர் கெட்டவர் இல்லக்கா. தனியா இருந்தார், அவ்வளவுதான்."

"நீ ஒண்ணும் தனியா இல்ல."

"எலக்சன் முடிஞ்சு போச்சே. இனிமே யார் வருவாங்க? ஞாயித்துக்கிழமை கூட்டம் போடு, பாப்போம். ஆள் வந்தா திங்கட்கிழமை நான் போய்ப் பதவி ஏத்துக்கிறேன். வரலன்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, பழையபடி ஊசி போடப் போறேன்."

அவள் நர்ஸ். எங்கள் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. அதைச் சாயங்காலம் திறக்கவேண்டாம், ஆள் போதவில்லை என்று நகரசபை முடிவெடுத்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது. வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடமுடியும் என்கிற சனங்கள் நாங்கள். மனுக் கொடுத்தோம், வாசலில் நின்றோம், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் "நீயே நில்லுடி" என்று தங்கச்சியை நிறுத்தினோம்.

பெரிய கட்சிகளிடம் வண்டி இருந்தது, மைக் இருந்தது. எங்களிடம் மாடிப்படிதான் இருந்தது. ஒரு படிக்கட்டுக்கு ஒரு ஆள். அந்தப் படியில் இருக்கிற வீட்டுக் கதவையெல்லாம் அந்த ஆள்தான் தட்டவேண்டும், வேறு யாரும் தட்டக்கூடாது. எந்த வீட்டில் யாருக்கு முட்டிவலி, எந்த வீட்டுக்காரன் எப்போது தூங்குவான் என்பதெல்லாம் படிக்காரருக்கு அத்துப்படி. லிப்ட் கெட்டுப்போய் மாமாங்கம் ஆகிவிட்டதால் ஓட்டுக் கேட்கவந்த மற்ற கட்சிக்காரர்கள் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறவில்லை. நாங்கள் ஏறினோம். ஜெயித்தோம்.

இந்தப் படிக்காரர்கள் கலைந்துபோகாமல் இருக்கவேண்டும். அதுதான் தங்கச்சிக்கு வேண்டியது. அவளும் நானும் என் கொழுந்தனும் பின்னறையில் உட்கார்ந்து பேசினோம். இதுவரை எல்லாவற்றுக்கும் நானே கத்திக்கொண்டிருந்தேன். அது தேர்தல் வரைக்கும் தாங்கும், அப்புறம் தொண்டைதான் போகும். ஆகையால் ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரிவு, தண்ணீருக்கு ஒரு பிரிவு, பஸ்ஸுக்கு ஒரு பிரிவு என்று பிரித்துவிடலாம். சபையில் தங்கச்சி எதைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பிரிவு போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்காரவேண்டும் என்று முடிவெடுத்தோம். அன்றிலிருந்து எங்கள் வாயில் சாப்பிடும்போதும் பிரிவு, துணி காயப்போடும்போதும் பிரிவுதான்.

கூட்டத்துக்குப் போர்டு எழுதும் வேலை கொழுந்தனுடையது. அவன் தொழிலே அதுதான். கையெழுத்து என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு கெட்ட பழக்கம், எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னால் அவனுக்கு ரோஷம் வந்துவிடும். எழுத்துப் பெரிதாகத்தான் இருக்கவேண்டும், இடம் போதவில்லையென்றால் வார்த்தையை வெட்டிவிடுவான். மெயின் ரோட்டுக் கண்ணாடிக்கடைக்கு 'கண் பரிசோதித்துக் கண்ணாடி தரப்படும்' என்று எழுதப்போய், 'கண் தரப்படும்' என்று முடித்துவிட்டு வந்த மகராசன்.

"இந்தத் தடவை சொதப்பாதே" என்று சொல்லித்தான் அனுப்பினேன். சொதப்பவில்லை. என் கடை வாசலில் நீலத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று எழுதி மாட்டியிருந்தான்:

நன்றி! ஞாயிறு மாலை பிரிவுக் கூட்டம். அனைவரும் வருக.

சுருக்கமாக நன்றாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து எங்கள் போன் குரூப்பிலும் போட்டேன்.

சாதாரணமாக அந்தக் குரூப்பில் நான் 'தும்மினேன்' என்று போட்டால்கூடக் கட்டைவிரல் கட்டைவிரலாக வந்து விழும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தையல்காரம்மா மட்டும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் போட்டாள். அவ்வளவுதான். போன்தான் கெட்டுவிட்டதோ என்று அதைத் தட்டிப் பார்த்தேன்.

மறுநாள் பஸ் டிரைவர் அண்ணன் வந்தார். அவர்தான் எங்கள் படிக்காரர்களிலேயே பழைய ஆள், பின்னறைக்கு ஒரு சாவி அவரிடம்தான் இருந்தது. காலை ஷிப்டுக்குப் போகும் முன்னால் திறந்து நோட்டீஸ் கட்டுகளைப் பிரித்து வைப்பார். அந்தச் சாவியைக் கல்லாமேல் வைத்தார்.

"என்னண்ணே?"

"இனிமே எனக்கு எதுக்கும்மா? உங்ககிட்டயே இருக்கட்டும்." என் முகத்தைப் பார்க்கவில்லை. போய்விட்டார்.

அடுத்தது டீக்கடைக்காரர். பிரசாரத்துக்காகக் கொடுத்த பெஞ்சுகளை ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பிறகு தையல்காரம்மா. "பேனர் துணி மிச்சம் கிடக்கு, என்ன பண்றது? சும்மா மக்கிப்போகும். தலகாணி உறையாத் தச்சுரட்டுமா?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"தச்சுக்கோ! தச்சு நிம்மதியாத் தூங்கு!" என்று வெடித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் அக்கா அக்கா என்று கூடவே திரிந்த சனம், வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டதே! தங்கச்சி சொன்னது சரிதான். மருந்துக்கடைக்காரரை விட்ட மாதிரியே இவளையும் அம்போவென்று விடப்போகிறார்கள். பின்னறையில் இருந்த அவள் காதில் எல்லாம் விழுந்திருக்கும். "பரவால்லக்கா, நீ சத்தம் போடாதே" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பரவால்லக்காவைக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. மெஷினைத் திறந்து தூசி துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டுப் பெஞ்சுகளைப் போட்டேன். யார் வரப்போகிறார்கள் என்கிற கடுப்பில் இரண்டு பெஞ்சோடு நிறுத்தியிருந்தேன். தங்கச்சி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

வந்தார்கள். ஐயோ, அப்படி வந்தார்கள்! படிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லை. அவர்களோடு பெண்டாட்டி, புருசன், பிள்ளைகள். தேய்த்த சட்டையும் நல்ல சேலையுமாகப் பின்னறை நிறைந்து, கடை நிறைந்து, வாசலிலும் நின்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் ஒரு முகத்திலாவது சிரிப்பு வேண்டுமே? எல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தது. தையல்காரம்மா வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். டீக்கடைக்காரர் வண்ணத்தாள் சுற்றிய பெரிய வட்டமான பொட்டலம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் அண்ணன் எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது. இத்தனை நாள் இந்த ரூம்ல ஒண்ணா இருந்தோம். சண்டை போட்டோம், டீ குடிச்சோம். வீட்டுல நான் இவ்வளவு பேசினதில்ல. ஜெயிச்சாச்சு, நல்லது. இதோட எங்களை அனுப்பறதுன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்க. சரி, பெரியவங்க நீங்க, யோசிச்சுத்தான் செஞ்சிருப்பீங்க. ஆனா ஒரு வார்த்தை எங்ககிட்டயும் கேட்டிருக்கலாம்." டீக்கடைக்காரரைக் கையசைத்து முன்னால் கூப்பிட்டார். "எங்க ஞாபகமா இதை வச்சுக்குங்க."

டீக்கடைக்காரர் தாளைக் கிழித்தார். சுவர்க் கடிகாரம். அடியில் பித்தளைத் தகட்டில் 'பிரிவின் நினைவாக' என்று பொறித்திருந்தது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"யாருய்யா உங்களைப் போகச் சொன்னது? யாரு பிரியறது? சாவியைத் தூக்கிப் போட்டது நீரு! பெஞ்சைக் கேட்டது அவரு! தலகாணி உறை தைக்கறேன்னது இவ! நாங்க அனுப்பறோமாம்ல!"

"ஏம்மா கத்தறே? நீதானே போர்டு வச்சே!" என்றார் டிரைவர் அண்ணன்.

"என்ன வச்சேன்?"

"வந்து படிச்சுப் பாரு."

முண்டியடித்துக்கொண்டு எல்லாரும் வாசலுக்குப் போனோம். நீலத்தில் வெள்ளையாக, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நன்றி. பிரிவுக் கூட்டம். வருக.

அப்போதுதான் எனக்கும் அது அவர்கள் படித்த மாதிரியே படிக்க வந்தது. தையல்காரம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப... பிரிவு உபசாரம் இல்லையா?"

"ஆஸ்பத்திரிப் பிரிவு, தண்ணிப் பிரிவு, பஸ் பிரிவுடி! ஆளாளுக்கு ஒரு பொறுப்பு! புதுப் பிரிவுகள் அமைக்கும் கூட்டம்னு எழுதச் சொன்னேன் அந்தக் கடங்காரனை!"

எல்லாத் தலையும் திரும்பியது. கொழுந்தன் கதவோரமாக நழுவிக்கொண்டிருந்தான்.

"இடம் பத்தல அண்ணி" என்று அசடு வழிந்தான்.

"எழுத்தைச் சின்னதாப் போட்டா உன் கிரீடம் இறங்கிருமா?"

"தூரத்துலருந்து தெரியாதே..."

"இப்ப நல்லாத் தெரிஞ்சுச்சு!" என்றார் டிரைவர் அண்ணன். முதலில் அவர்தான் சிரித்தார். அப்புறம் எல்லாரும். தையல்காரம்மா சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விக்கல் எடுத்து, யாரோ தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொழுந்தனை நாலு சாத்துச் சாத்தவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது.

சிரிப்பு அடங்கினதும் டிரைவர் அண்ணன் விடவில்லை. "பிரிவு வைக்கறது நல்ல யோசனை. ஆனா அதையும் நீங்க மூணு பேர்தானே முடிவு பண்ணீங்க? எங்ககிட்டயும் பேசியிருந்தா இந்தப் போர்டை யாராவது தப்பாப் படிச்சிருப்பாங்களா?"

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். தங்கச்சி முந்திக்கொண்டாள். "தப்புத்தாண்ணே. பிரிவை நீங்களே பிரிங்க."

சொன்னதுதான் தாமதம். தண்ணீரும் ஆஸ்பத்திரியும் ஒரே பிரிவு என்றாள் தையல்காரம்மா. கெட்ட தண்ணீரைக் குடித்துவிட்டுத்தானே பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். லிப்டுக்குப் பிரிவு ஏன் இல்லை என்று ஐந்தாம் மாடிக்காரர்கள் கிளம்பினார்கள். நாங்கள் மூவரும் அத்தனை நாள் உட்கார்ந்து போட்ட கணக்கைப் பத்து நிமிடத்தில் குப்பையில் போட்டுவிட்டு, அவர்களே வேறு மாதிரி பிரித்து, ஆளையும் போட்டார்கள். என்னை ஒரு பிரிவிலும் தலைவியாகப் போடவில்லை. "நீ ஜெராக்ஸ் போடு, அது போதும்" என்றார்கள். கோபம் வரவேண்டும். வரவில்லை.

பெரிய சண்டை கடிகாரத்துக்குத்தான். பிரிவின் நினைவாக என்று போட்டிருக்கிறதே, எந்தப் பிரிவுக்கு? ஆஸ்பத்திரிப் பிரிவுக்கு என்று ஒரு கூட்டம், பஸ்ஸுக்குத்தானே மணி முக்கியம் என்று இன்னொரு கூட்டம். தகட்டை அழித்து வேறு எழுதித் தருகிறேன் என்று கிளம்பிய கொழுந்தனை எல்லாருமாகச் சேர்ந்து உட்காரவைத்தார்கள். கடைசியில் அது பின்னறையிலேயே தொங்கட்டும் என்று ஆயிற்று. அதை எந்தச் சுவரில் மாட்டுவது என்று மறுபடி ஆரம்பித்தது.

அந்த அமளியில் தங்கச்சியைத் தேடினேன். ஓரத்துப் பெஞ்சில் தையல்காரம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் தங்கம், தூங்கிக்கொண்டிருந்தாள்! அத்தனை கூச்சலிலும் அசையவில்லை. முடிவு வந்த நாளிலிருந்து அவள் கண்மூடி நான் பார்க்கவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"மெதுவாப் பேசுங்க" என்றேன் தாழ்ந்த குரலில். "காலைல அவ பதவி ஏத்துக்கப் போகணும்."

அறையே சட்டென்று அமைதியாகி என்னைப் பார்த்தது. "பட்டாசுக்கு மெதுவாக்கூடப் பேச வருமா!" என்று டீக்கடைக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெஞ்சை எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை.

டிரைவர் அண்ணன் சத்தமில்லாமல் என் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"என்னண்ணே?"

"சாவி. அவ தூங்கி எந்திரிக்கட்டும். நான் இருந்து பூட்டிட்டு வர்றேன்."