எந்தப் பேப்பரிலும் நிற்காத முகம்

சாமி படங்களுக்கு மேலே இருந்த சிவப்பு பல்பை ஆண்டாள் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ராஜாம்பாள் அதைப் பார்த்துவிட்டு ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினாள்.

"இன்னாடி பண்ற? சாவு வூட்ல சாமி வெளக்க அணைச்சாச்சு. பல்ப வேற கழட்டணுமா?"

"வேல இருக்குது அண்ணி."

"புருசன் பொணமாக் கெடக்கறான். உனுக்கு இன்னா வேல?"

ஆண்டாள் பல்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு இறங்கினாள். முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு, நடுவில் படம் கழுவுகிற இருட்டறை என்று நீளமாகப் போகிற கட்டடம் அது. அவள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நாத்தனார் யாரிடமோ முறையிடுவது கேட்டது. முறையிடட்டும்.

வெங்கடேசன் காலையில் பல் விளக்கப் போனவர் கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவதற்கு அவர் பார்த்த வாரம் அப்படி. எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. கோடித்துணி கொண்டுவர வேண்டிய ஆண்டாளின் அண்ணன் திருநாவலூரிலேயே நின்றுவிட்டான். ஒரே மகள் செந்தமிழ்ச்செல்வி மூங்கில்துறைப்பட்டில் இருந்தாள். மருமகன் பச்சமுத்துவுக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. ஆலைக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, மகள் எதில் வந்து சேருவாள்?

வெங்கடேசனின் அண்ணன் பொன்னுரங்கம் காரியக்காரர். அழுகையையும் ஏற்பாட்டையும் ஒன்றாகவே செய்யக்கூடியவர். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே முடிவைச் சொல்லிவிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும் ஆண்டாளு. ரோடு எப்பத் தொறக்கும்னு யாருக்குத் தெரியும். போட்டோக்கார வேடியப்பன வரச் சொல்லிக்கிறேன். நாற்காலில ஒக்கார வெச்சி ஒரு போட்டோ புடிச்சி, கண்ணத் தொறந்து குடுத்துடுவான். செல்வி வந்தா அதப் பாத்துக்கட்டும்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. உயிரோடு இருந்தவரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாதவர்களைச் செத்த பிறகு குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்துப் படம் பிடிப்பார்கள். மூடின கண்ணைப் படத்தில் தூரிகையால் திறந்துவிடுவது போட்டோக்காரரின் கைவேலை. வெங்கடேசன் அதில் பெயர் வாங்கியவர். ஆனால் அவருக்கு வரையத் தெரிந்தது ஒரே ஜோடிக் கண்தான். ஊரிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் சுவரில் தொங்குகிற மாமனார்களும் மாமியார்களும் அந்த ஒரே கண்ணால்தான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "எல்லாரையும் ஒரே வூட்டு ஆளாக்கிட்டீங்க" என்று ஆண்டாள் அவரைக் கேலி செய்வாள். இப்போது அவருக்கே ஒருவன் வந்து அதே போலக் கண் வரையப் போகிறான்.

"வேணாம் மாமா. அவருக்குக் கண்ணு இருக்குது. நான் எடுத்துத் தரேன்" என்றாள்.

"பாட கட்ற வரைக்கும்தான் டைமு. அதுக்குள்ள வரலன்னா வேடியப்பன் புடிப்பான்" என்றார் அவர்.

ஊரையே படம் பிடித்த மனிதர் தன்னை ஒரு தடவையும் பிடித்துக்கொள்ளவில்லை. இருந்தது ஒரே ஒரு நெகட்டிவ். வெள்ளிமலையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போய்த் திரும்புகையில், பிலிமில் மிச்சமிருந்த ஒன்றை வீணாக்காமல் ஆண்டாள் அவரைப் பிடித்தாள். சூரியனை அவர் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டாள். முகம் நிழலில், நெற்றி ஓரத்திலும் ஒரு பக்கக் கன்னத்திலும் வெயில் கொட்டியது. பிலிமைக் கழுவிப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பேப்பர்லயும் நிக்காதுடி" என்றார் அவர். சொன்னாரே தவிர, தூக்கிப் போடவில்லை.

பிடிப்பது அவர், அச்சுப் போடுவது இவள் என்றுதான் இருபது வருஷமும் ஸ்டுடியோ நடந்தது. ஆனால் எந்தப் பேப்பரில் போடுவது என்பதை மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. வெளிறிப்போன சோப்ளாங்கி நெகட்டிவுக்கு நாலாம் நம்பர், வெளிச்சமும் இருட்டும் அடித்துக்கொள்கிற முரட்டு நெகட்டிவுக்கு ரெண்டாம் நம்பர், நடுவாந்தரத்துக்கு மூன்று. நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, டாக்டர் மருந்து சொல்வதுபோல நம்பரைச் சொல்வார். இவள் அந்த டப்பாவை எடுப்பாள். இன்றைக்கு நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்தபோது நம்பர் சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. கூடத்தில் அத்தனை பேர் நடுவில் வராதது, வினிகர் நெடி அடிக்கிற இந்த அறையில் வந்தது. அவள் அழுதுகொண்டே டெவலப்பர் மருந்தைக் கலக்கினாள்.

சாதாப் பேப்பரை ஒன்றும் செய்யாத பழைய மஞ்சள் பல்பு வெளிச்சத்திலேயே முதலில் நாலாம் நம்பரில் போட்டாள். கண் வந்தது, நெற்றியும் கன்னமும் தாளோடு தாளாக வெளுத்துப் போயின. பாதி முகம்தான் மிச்சம். ரெண்டாம் நம்பரில் போட்டாள். கன்னம் வந்தது, கண் இருந்த இடத்தில் கரி அப்பிக் கிடந்தது. மூன்றாம் நம்பர் டப்பா காலி. புதுச் சரக்கு ஏற்றிய லாரி ஏதோ ஒரு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கும். இருந்திருந்தாலும் அது இரண்டையும் சுமாராகக் கெடுத்திருக்கும், அவ்வளவுதான்.

பலகையின் கோடியில் இன்னொரு டப்பா கிடந்தது. மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவன் தலையில் கட்டிவிட்டுப் போன புதுமாதிரிப் பேப்பர். எல்லா நம்பரும் ஒரே தாளில் அடக்கம், படம் பெரிதாக்குகிற என்லார்ஜரில் மஞ்சள் கண்ணாடித்தாள் செருகினால் மென்மையாகப் பதியும், ரோஸ் செருகினால் முரட்டாகப் பதியும் என்று சொன்னான். வெங்கடேசன் போட்டுப் பார்த்த படமெல்லாம் சாம்பல் பூசினதுபோல வந்தது. "பழைய சரக்கத் தள்ளிட்டுப் போய்ட்டான்" என்று டப்பாவை மூலையில் எறிந்தார். ஆண்டாளுக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். மஞ்சளுக்கு ஒரு குணம், ரோஸுக்கு ஒரு குணம் காட்டுகிற தாள், தலைக்கு மேலே எரிகிற மஞ்சள் பல்பைப் பார்த்துச் சும்மா இருக்குமா? "பேப்பரு கெட்டுப் போவல, நம்ம பல்புதான் கெடுக்குது" என்றாள். "நீ எனுக்குச் சொல்லித் தரியா" என்றார் அவர். அன்று ராத்திரி இருவரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

சாமி பல்பைக் கழற்றி வந்ததன் காரணம் இதுதான். மஞ்சளை எடுத்துவிட்டு அந்த ஜீரோ வாட் சிவப்பை மாட்டினாள். கறுப்பு உறைக்குள் அடியில் கொஞ்சம் தாள்கள் பத்திரமாக இருந்தன. முதல் தாளை எடுத்தாள். இதுவும் சாம்பலாக வந்தால் வெளியே நாற்காலி தயார்.

"ஆண்டாளு, வேடியப்பன் வந்துட்டான்" என்று கதவுக்கு வெளியே பொன்னுரங்கத்தின் குரல்.

"தொறக்காதீங்க மாமா. வெளிச்சம் பட்டாப் போய்டும்."

ரோஸ் கண்ணாடித்தாளைச் செருகிக் கண்ணுக்கும் மீசைக்கும் வெளிச்சம் காட்டினாள். பிறகு என்லார்ஜர் விளக்கை அணைத்து, ரோஸை எடுத்துவிட்டு மஞ்சளைச் செருகினாள். நிழலில் இருந்த பாதி முகத்தின் மேல் உள்ளங்கையைக் குடை பிடித்து ஆட்டிக்கொண்டே, வெயில் பட்ட நெற்றிக்கும் கன்னத்துக்கும் மட்டும் இன்னொரு தடவை வெளிச்சம் விட்டாள். அவர் முகத்தின் மேல் கை வைத்த மாதிரியே இருந்தது. அடுப்பில் சோறு வேகிற பக்குவம் பார்ப்பதுபோல மனசுக்குள் எண்ணி நிறுத்தினாள். தாளை டெவலப்பரில் முக்கினாள்.

ஓரங்கள் சாம்பல் ஏறாமல் வெள்ளையாகவே நின்றன. அவள் மூச்சுவிட்டாள்.

ஈரப் படத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தபோது பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியை விரித்து வைத்திருந்த வேடியப்பன் தட்டை எட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து நன்றாகப் பார்த்தான். தொழில்காரன் கண் தப்பாது.

"இந்த நெகட்டிவ அண்ணன் எனுக்குக் காமிச்சிக்கிறாரு. நிக்காதுன்னாரே. எந்தப் பேப்பரு, அக்கா?"

"மூலையில கெடந்ததுதான்."

அவன் நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, மூங்கில் வெட்டுகிறவர்களுக்கு ஒரு கை கொடுக்கப் போனான். பொன்னுரங்கம் தம்பியின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காரியக்காரருக்கு அப்போதுதான் குரல் உடைந்தது.

மகள் வரவில்லை. வெயில் தாழ்ந்ததும் எடுத்துவிட்டார்கள். தெருமுனை வரைக்கும் போன பெண்கள் திரும்பி வந்து தலை முழுகினார்கள். கூடத்தைக் கழுவிவிட்டபோது தண்ணீர் போய் இருட்டறை வாசலில் தேங்கியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் செல்வி வந்தாள். பச்சமுத்து சைக்கிளில் வைத்து மிதித்திருக்கிறான். மரம் கிடந்த இடமெல்லாம் மறியல் செய்கிற ஆட்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "சாவுக்குப் போற பொண்ணு, வழி வுடுங்கடா" என்று கூடவே நடந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். சேலை முழுக்கச் செம்மண். கழுவின கூடத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு தரம் மொகத்தப் பாக்கக் கூட குடுத்து வெக்கலியேம்மா" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்டாள் அவளை அணைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். பிறகு எழுப்பிக் கூட்டிப்போய் ஸ்டுடியோவில் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

செல்வி பார்த்தாள். நெற்றி ஓரத்தில் வெயில். மீசைக்குக் கீழே வாய் பாதி திறந்திருந்தது. புருவம் நெரிந்து, கண்ணில் கோபம் பாதி சிரிப்பு பாதி.

"யாரையோ திட்டிக்கினு இருக்காரே."

"என்னத்தான். சூரியனப் பாத்து நிக்க வைக்கத் தெரியலன்னு."

செல்விக்கு அழுகையின் நடுவிலேயே சிரிப்பு வெடித்துவிட்டது. உள்ளே இருந்த ராஜாம்பாள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்து, படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "என்னியும் இப்டித்தான் முறைப்பான்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எனுக்கு ஒண்ணு போட்டுத் தாம்மா" என்றாள் செல்வி. "நாளைக்கு வேணாம். இப்பவே."

ஆண்டாள் நாத்தனாரைப் பார்த்தாள். ராஜாம்பாள் நகர்ந்து வழிவிட்டாள்.

இருட்டறைக்குள் தாயும் மகளும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரோஸ் ஒரு தடவை, மஞ்சள் ஒரு தடவை. வெறும் வெள்ளைத்தாளை ஆண்டாள் மகளின் கையில் கொடுத்து, "நீ போடு" என்றாள். செல்வி அதைத் தண்ணீரில் குழந்தையை இறக்குவதுபோல மெள்ள டெவலப்பரில் இறக்கினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தோளில் கிடந்த துண்டு வந்தது, மீசை வந்தது. தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு செல்வி இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.