முத்திரையில் ஒரு துளை

கடைத்தெருவில் அவளுக்கு ரயில்காரி என்றுதான் பேர். பழைய பொம்மை ரயில்களைப் பிரித்துத் துடைத்து ஓடவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். ஒன்றில் மட்டும் பிடிவாதம். பழைய தகரத்தில் புதிதாக ஒரு துளைகூடப் போடமாட்டாள். கெஞ்சி நின்றவர்களையும் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இப்போது மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது அவளுடைய அண்ணனின் இன்ஜின். சாவி முறுக்கினால் ஓடுகிற ரகம். துருவெல்லாம் போய்ப் பளிச்சென்று இருந்தது. சரியாகாதது அண்ணனின் கைதான். பக்கவாதம் வந்ததிலிருந்து இடதுகை அவர் பேச்சைக் கேட்பதில்லை. முறுக்க ஒரு கை வேண்டும், இன்ஜினைப் பிடிக்க ஒரு கை வேண்டும். கொஞ்ச நாள் அண்ணி பிடித்துக் கொடுத்தாள். சட்டைப் பொத்தானுக்கும் அவள், செருப்பு வாருக்கும் அவள், விளையாட்டுக்குமா என்று மனிதர் ரயிலைத் தொடுவதையே விட்டுவிட்டார். தங்கைக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதலில் மரத்தில் ஒரு தாங்கி செய்து பார்த்தாள். அதில் வைத்து முறுக்கி, தூக்கித் தண்டவாளத்தில் வைக்கவேண்டும். ஒற்றைக் கையிலிருந்து நழுவி இன்ஜினின் மூக்கு நசுங்கியதுதான் மிச்சம். அப்படியானால் அது தண்டவாளத்தை விட்டு எழவே கூடாது. கீழிருந்து ஒரு கம்பி எழும்பி, இன்ஜினின் அடித்தகட்டில் ஒரு துளைக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ள வேண்டும். காலால் ஒரு கட்டையை மிதித்தால் கம்பி இறங்கும், வண்டி கிளம்பும். அடித்தகட்டில் துளைக்கு ஒரே இடம்தான் தோதாக இருந்தது. தயாரித்தவர்களின் முத்திரை பதிந்த இடம். அங்கே துளை போடட்டுமா என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் கேட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அண்ணன். "அந்த முத்திரைக்காகத்தானே இதைத் தேடி அலைஞ்சேன்!"

"இப்ப அது அலமாரியில உக்காந்து தூசி தின்னுதே, அது மட்டும் நல்லாயிருக்கா?"

"போட்ட துளையை அடைக்க முடியாதும்மா."

"முடியாது. தெரிஞ்சுதான் கேக்குறேன்."

"நீ திருப்பி அனுப்பினவங்க கேட்டா என்ன சொல்லுவே?"

"எங்க அண்ணனுக்குப் போட்டேன்னு சொல்லுவேன். வந்து சண்டை போடட்டும்."

அண்ணன் முத்திரையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "சரி, போடு. கோணலா மட்டும் போட்டே, அப்புறம் இருக்கு உனக்கு."

துளை முத்திரையின் நட்டநடுவில் நேராக இறங்கியது.

அன்று மாலை அண்ணன் வீட்டுக் கூடத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டார்கள். அண்ணன் குனிந்து சாவியைப் பிடித்தார். பழக்கதோஷம், அண்ணியின் கை தானாக நீண்டது.

"வேண்டாம், நீ உக்காரு."

முறுக்கினார். கம்பியின் பிடியில் இன்ஜின் அசையாமல் நின்றது. காலால் மிதித்தார். வண்டி கடகடவென்று நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. ஓட்டம் நின்றதும் அவரே அதை மெல்லத் தள்ளிக்கொண்டுவந்து கம்பியில் மாட்டி மறுபடி முறுக்கினார். பிறகு இன்னொரு தரம்.

சும்மா உட்கார்ந்திருந்த அண்ணி மெதுவாகக் கேட்டாள். "இதுவரைக்கும் பிடிச்சுதான் குடுத்திருக்கேன். ஒரு தடவை நான் முறுக்கிப் பாக்கட்டுமாங்க?"

அண்ணன் தலைநிமிராமல் சொன்னார்: "வரிசையில வா. என் முறையே இன்னும் முடியல."