கையைப் பிடிச்சுக்குங்க

பெரிய சிஸ்டர் டிரிப்பின் சக்கரத்தை நான்காவது தடவையாகத் திருகினாள். சொட்டு ஒழுங்காகத்தான் விழுந்துகொண்டிருந்தது. கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"நான் பாத்துக்கறேன் சிஸ்டர். நீங்க உக்காருங்க," என்றாள் அவசரம்.

புதுசாக வந்த நர்ஸுக்கு வார்டில் அதுதான் பெயர். சேர்ந்த முதல் வாரமே ஓட்டமாக ஓடி மருந்துத் தட்டோடு வழுக்கி விழுந்தாள். பெயர் வைத்தது பெரிய சிஸ்டர். "ஓடாதடி, நோயாளி உன்னைப் பாத்தே பயந்துடுவான்" என்று மூன்று மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் பார்த்துவிட்டாள். இன்றைக்குக் கட்டிலில் கிடந்தது பெரிய சிஸ்டரின் வீட்டுக்காரர். அவள் யூனிஃபார்ம் இல்லாமல், பார்க்க வந்தவர்களில் ஒருத்தியாக நின்றாள்.

நாற்காலி காலையிலிருந்து காலியாகவே கிடந்தது. அவள் போர்வையை இழுத்துவிட்டாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். டாக்டர் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரருடைய ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. அது எதற்கு அடையாளம் என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். தெரிந்ததை யாராவது இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது.

"நீ என்னம்மா நினைக்கற?"

அவசரம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? சரியாயிடும்னு சொல்லேன்டி."

அந்தச் சொல்லுக்காகத்தான் போன மாதம் பெரிய சிஸ்டர் துணி அறையில் நிறுத்திவைத்து அவசரத்தை அழ வைத்திருந்தாள். ஒரு பெரியவரின் மகனிடம் அவசரம் "ஒண்ணும் ஆகாது, சரியாயிடும்" என்று சொல்ல, அவன் நம்பி டீ குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார். "இனிமே அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாது. நேரம் வந்துடுச்சுன்னா, பக்கத்துல உக்காருங்க, கையைப் பிடிச்சுக்குங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

இப்போது அவசரம் நிமிர்ந்தாள். அதையே சொன்னாள்.

"பக்கத்துல உக்காருங்க சிஸ்டர். கையைப் பிடிச்சுக்குங்க."

பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது. ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுகூட வந்தது.

"எனக்கேவா சொல்ற?"

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சிஸ்டர்."

அவசரம் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டாள். பெரிய சிஸ்டர் உட்கார்ந்தாள். வீட்டுக்காரரின் கையை எடுத்தாள். பழக்க தோஷம், மூன்று விரலும் நேராக மணிக்கட்டுக்குப் போய் நின்றன. கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். பஸ் டிரைவரான அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "ஆசையா என் கையைப் பிடிக்கறான்னு நினைச்சுடாதீங்க. வண்டி ஓடுதா, நின்னுபோச்சான்னு பாக்கறா." இருபத்தாறு வருடம் அதே ஜோக். அவளும் ஒவ்வொரு தடவையும் முறைத்திருக்கிறாள். ஒரு தடவையாவது சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

நாடி நூலிழையாக ஓடியது. அவள் எண்ணத் தொடங்கினாள்.

அவசரம் கட்டிலின் அந்தப் பக்கம் போய் அவருடைய இன்னொரு கையை எடுத்தாள். "நாடியை நான் பாத்துக்கறேன் சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரல்களை மணிக்கட்டிலிருந்து கீழே இறக்கி, அவர் உள்ளங்கைக்குள் தன் கையை வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. இவ்வளவு சொரசொரப்பா என்று இருந்தது. அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். வராந்தாவில் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

அவசரம் தான் பிடித்திருந்த கையை மெல்லப் படுக்கையில் வைத்தபோதுதான் பெரிய சிஸ்டர் நிமிர்ந்தாள்.

"எப்ப?"

"இப்பதான் சிஸ்டர். மூணு இருபது."

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"டாக்டரைக் கூப்பிடணும் சிஸ்டர்."

"கூப்பிடு. ஓடாம போ."

அவசரம் நடந்தே போனாள்.