கடலில்லாத நாட்டில் ஓர் அடிமைக் கண்காட்சி

1

இந்தக் கதை ஒரு ரோல்ஸ் தட்டிலிருந்து பிறந்தது. அடிமைமுறையைப் பற்றிய கதைக்கு இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் இருந்திருக்கலாம்தான். கப்பல், சங்கிலி, சவுக்கு என்று தொடங்கினால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். அப்படியும் தொடங்கிப் பார்த்தேன்:

கடல் கறுத்துக் குமுறியது. கப்பலின் அடித்தட்டில் அடைக்கப்பட்டிருந்த –

[இதற்கு மேல் போகவில்லை. கதை நடப்பது சுவிற்சர்லாந்தில். இங்கே கடல் கிடையாது. கடல் இல்லாததால் அடிமை வியாபாரத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று இந்த நாடு நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது. கப்பலில் பங்கு வாங்கக் கடல் தேவையில்லை, காசு இருந்தால் போதும் என்பது மட்டும் ஏனோ யாருக்கும் ஞாபகம் வரவில்லை.]

ஆகவே ரோல்ஸ். சூரிச்சுக்குப் பக்கத்து ஊரொன்றின் சின்ன அருங்காட்சியகம். கண்காட்சித் திறப்பு விழா. மேர்சி, தான் உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வருகிறாள். தமிழ்ச் சங்கத் தலைவர் சச்சிதானந்தனின் மனைவி கஜலக்சுமி கையை நெஞ்சில் வைத்து, "ஐயோ, எனக்குச் சுகர் மேர்சி" என்கிறார். மேர்சி நகர்ந்ததும் அருங்காட்சியகத்தார் வைத்த சொக்கிலேற் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து எடுக்கிறார்.

"அவவுக்கு என்ர ரோல்ஸைக் கண்டால் மட்டும்தான் சுகர் ஏறும்" என்று மேர்சி மகளின் காதுக்குள் சொன்னாள். "டொக்டர்மார் கண்டுபிடிக்காத வியாதி."

மகள் சிரிக்கவில்லை. அவள் கையில் மைக் இருந்தது.

2

மகளின் பெயர் ரிஷானி. பீல் நகரில் பிறந்து, சூரிச்சில் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அகதி அலுவலகம் என்று தமிழும் ஜேர்மனும் எங்கெல்லாம் முட்டிக்கொள்கின்றனவோ, அங்கெல்லாம் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவள். அந்தத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, தன் சொந்தக் கருத்துக்கு வாயைத் திறக்கவே கூடாது. இந்த விதியால் ரிஷானி தன் ஆரோக்கியமான உடம்போடு "எனக்கு மூலவியாதி" என்று சொல்லியிருக்கிறாள். கல்யாணமே ஆகாமல் "பெண்சாதிக்கு நான் அடிச்சது உண்மைதான்" என்றும் சொல்லியிருக்கிறாள்.

அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் ஃப்ராவ் ஹுபர் நல்ல மனுசி. அவர் எழுதிய பலகைகளில் ஆட்கள் 'கொண்டுசெல்லப்பட்டார்கள்', 'விற்கப்பட்டார்கள்', 'உயிரிழக்க நேர்ந்தது'. கொண்டுபோனவனையும் விற்றவனையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது. இத்தனை பெரிய குற்றத்தைச் செய்தவர்கள் இவ்வளவு கூச்ச சுபாவம் உள்ளவர்களா என்று வியக்கத் தோன்றும். 'பாதிக்கப்பட்ட சமூகங்களின் குரல்' வேண்டும் என்று ஹுபர் தமிழ்ச் சங்கத்திடம் ஒரு பலகை கேட்டார். சங்கம் அதை விருது என்று எடுத்துக்கொண்டது. எழுதும் வேலை ரிஷானியிடம் வந்தது.

சூரிச்சின் லாங்ஸ்ட்ராஸ்ஸத் தெருப் பக்கம் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடை. அதன் பின்னறையில் தலைவர், ரிஷானி எழுதிய மூன்று பத்திகளையும் வாசித்தார்.

முதல் பந்தி: கோரமண்டல் துணியைப் பார்த்து சுவிஸ் பட்டறைகள் பூப்போட்டு அச்சடித்த துணி, ஆபிரிக்கக் கரையில் மனிதருக்கு மாற்றாகக் கைமாறியது. "அருமை" என்றார்.

இரண்டாம் பந்தி: ஹெயிற்றியில் அடிமைகள் திரண்டெழுந்து பிரெஞ்சுப் பேரரசை அடித்துத் துரத்தியது. "நெருப்பு, பிள்ளை! நெருப்பு!"

மூன்றாம் பந்தி: சோழர் காலத்தில் கோயில்களுக்கு ஆட்கள் விற்கப்பட்டதைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்து வழக்கங்களைச் சட்டமாக எழுதியபோது அதில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது, சரி பார்த்துக் கொடுத்தவர்கள் ஊர்ப் பெரியவர்கள். வன்னிக் காட்டுக்குத் தப்பி ஓடியவர்களும் இருந்தார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னத்துக்கு?"

"நடந்தது தானே, அங்கிள்."

"நடந்ததெல்லாத்தையும் எழுதலாமோ? அது அடிமை இல்லைப் பிள்ளை. அது ஒரு... ஒழுங்கு. அவையளும் எங்கட ஆக்கள் மாதிரித்தான். கலியாண வீட்டில அவையள் வந்து நிண்டால்தான் எங்களுக்குச் சிறப்பு."

"நிண்டால். கதிரையில இருந்தால்?"

"பார், இதுதான் இஞ்ச பிறந்த பிள்ளையளின்ர வாய்!" தலைவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளைக்காரனுக்கு முன்னால எங்கட மானத்தை வாங்கிப்போடாதையும்."

மூன்றாம் பந்தி போயிற்று. அந்த இடத்தில் சோழர் கப்பல் ஒன்றின் படம் வந்தது. கடலில்லாத நாட்டுக்கு இன்னொரு கப்பல்.

ரிஷானி ஹுபரிடம் போனாள். ஹுபர் கவலையோடு தலையசைத்தார். சமூகத்தின் உள்விவகாரத்தில் அருங்காட்சியகம் நடுநிலை வகிக்கும் என்றார். (நடுநிலை என்பது இந்நாட்டில் பாலாடைக்கட்டி மாதிரி. எதன்மேலும் உருக்கி ஊற்றலாம்.) ஆனால் ஒரு வழி சொன்னார்: திறப்பு விழாவில் உங்கள் ஆட்களில் யாராவது ஒருவர் இந்த விஷயத்தைத் தன் வாயால் சொல்லட்டும், மறுநாளே பந்தியைச் சுவரில் ஏற்றிவிடுகிறேன். ஆனால் மொழிபெயர்ப்பாளர் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளர் நீங்கள்தான்.

3

அந்த மூன்றாம் பந்திக்குக் கடைசியில் ஒரு வரி இருந்தது. கைக்குழந்தையோடு வன்னிக்கு ஓடிய ஒருத்தியைப் பற்றி. மேர்சியின் தாய்வழியில் அவள் கதை வாயிலிருந்து வாய்க்கு வந்தது. அவளை இந்தக் கதைக்குள் கொண்டுவர முயன்றேன்.

அவள் பெயர் வள்ளி –

[தெரியாது. வள்ளி என்று எழுதியது என் அவசரம். அவளுக்கு ஏற்கெனவே ஒருவன் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருப்பான்.]

அவள் காட்டைப் பார்த்தாள். காடு அவளைப் –

[அழகாக வருகிறது. ஆகவே வேண்டாம்.]

அந்தச் சட்டத்தில் அடிமைகள் என்று பெயர் சொல்லிக் குறித்த சாதிகளாவன –

[எழுதினேன், அழித்தேன். எழுதினால் சில வாசகர் கதையை விட்டுவிட்டு, இதை எழுதியவர் இதில் எது என்று கணக்குப் போடத் தொடங்குவார்கள். இப்போதே தொடங்கிவிட்டவர்களுக்கு என் அனுதாபம்.]

"பேர் தெரியாட்டி என்ன?" என்றாள் மேர்சி, ரோல்ஸ் உருட்டிக்கொண்டே. "ஓடினவ தானே. ஓடாட்டி நாங்கள் இப்பவும் தலைவர் வீட்டு முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டிருப்பம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "இப்பவும் சங்கத்து மண்டபத்தை நான்தான் கூட்டுறன். அது வேற" என்றாள்.

"அம்மா, அந்தப் பந்தி சுவரில வரோணும்."

"வந்தால் எங்களுக்கு அந்த மண்டபத்தில வேலை இராது. அதையும் யோசி."

4

திறப்பு விழா. தலைவர் தமிழில் பேசினார், ரிஷானி ஜேர்மனில் சொன்னாள். மனித குலம், மாண்பு, விலங்குகளை உடைத்த கரங்கள். சால்வை இரண்டு தடவை வழுக்கியது. கைதட்டல். பிறகு ஹுபர் கையில் குறிப்போடு, மெல்லிய குரலில், ஒரு கேள்வி கேட்டார்: அந்தக் காலத்தில், ஒல்லாந்தர் ஆட்சியில், உங்கள் குடும்பத்துக்கு என்ன நடந்தது?

ரிஷானி தமிழில் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஹுபர் எதிர்பார்த்தது கண்ணீர். ஆனால் 'அந்தக் காலத்தில் உங்கட குடும்பம் எப்பிடி?' என்ற கேள்வியைச் சச்சிதானந்தன் வாழ்க்கையில் ஒரே இடத்தில்தான் எதிர்கொண்டிருக்கிறார்: கல்யாணம் பேசும் இடத்தில். அங்கே அதற்கு ஒரு பதில்தான் உண்டு. தகப்பன் சொல்லிக் கொடுத்தது, மூன்று பிள்ளைகளுக்கும் சம்பந்தம் பேசியபோது சொன்னது. நாக்கு யோசிக்கவில்லை. நெஞ்சு தானாக விரிந்தது.

"நாங்கள் அந்த நாளிலேயே பெரிய இடம். ஒல்லாந்தனே எங்களுக்குக் கதிரை தந்து கதைச்சவன். வயல், பனங்காணி, அடிமை குடிமை எல்லாம் எங்களிட்ட நிறைய இருந்தது."

முன்வரிசையில் கஜலக்சுமி பெருமையோடு தலையசைத்தார். பின்னால் இன்னும் பல தலைகள் அசைந்தன. ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சுற்றிவரச் சுவரெல்லாம் சங்கிலிப் படம்.

ஹுபர் புன்னகையோடு ரிஷானியைப் பார்த்தார். மேர்சி தட்டோடு நின்றுவிட்டாள்.

'எங்களிடம் நிறைய அடிமைகள் இருந்தார்கள்.' இதைத்தான் ரிஷானி சொல்ல வேண்டும். விதிப்படி, 'எங்களிடம்' என்று. ஓடிப்போனவளின் வழியில் வந்த வாயால்.

5

முடிவு ஒன்று. ரிஷானி 'வேலையாட்கள்' என்று மெதுவாக மாற்றிச் சொல்கிறாள். கைதட்டல். மண்டப வேலை பிழைக்கிறது. பந்தி செத்தது. [எழுதும்போதே கை கூசியது.]

முடிவு இரண்டு. உள்ளபடி சொல்கிறாள். ஹுபரின் புன்னகை உறைகிறது. தலைவருக்கு ஜேர்மன் கொஞ்சம் தெரியும், துள்ளி எழும்புகிறார்: "பிள்ளைக்கு வடிவாத் தமிழ் விளங்கேல்லை! இஞ்ச பிறந்தது!" ஹுபர் குழம்பிப்போய் சபையைப் பார்க்கிறார்: உண்மையில் அவர் என்னதான் சொன்னார்?

முடிவு மூன்று. மேர்சி தட்டை எறிந்துவிட்டுப் பேருரை ஆற்றுகிறாள் – [மாட்டாள். அவள் ரோல்ஸை எறியமாட்டாள். அவளைத் தெரிந்த பிறகு என்னால் அப்படி எழுத முடியாது.]

இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன். ரிஷானி சொல்லிவிட்டாள். 'எங்களிடம்' என்றே சொன்னாள். தலைவர் எழும்பிவிட்டார். ஹுபர் சபையைப் பார்க்கிறார். பந்தி சுவரில் ஏற இனி வேண்டியது ஒரே ஒரு ஆள். 'ஓம், அவர் அப்படித்தான் சொன்னவர்' என்று எழுந்து சொல்ல, தமிழ் தெரிந்த ஒரு ஆள். வெள்ளைக்காரருக்குத் தமிழ் விளங்காது, பாவம், அவர்களை விட்டுவிடுவோம். ரிஷானி தன் வேலையை முடித்துவிட்டாள்.

நீங்கள் இதுவரை மொழிபெயர்ப்பில்லாமல்தான் வாசித்தீர்கள். தலைவர் சொன்னது உங்களுக்கு முதல் தடவையே விளங்கியது. அந்தச் சபையில் ஒரு கதிரை உங்களுடையது.

யாரும் எழும்பவில்லை. மேர்சிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பழக்கத்தில் அடுத்த வரிசைக்கு நகர்கிறாள். உங்கள் முன்னால் நிற்கிறாள். தட்டை நீட்டுகிறாள்.

உங்களுக்கும் சுகரா?