சட்டை போடாத எழுத்துகள்

கண்ணுகளா, முட்டாள்தனத்தில் பல தினுசு உண்டு. கைதட்டு வாங்கிப் பழகிவிட்ட தினுசு இருக்கிறதே, அதற்கு மட்டும் மருந்தே கிடையாது. அப்படி ஒன்றைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நெருங்கி உட்காருங்கள்.

பஞ்சர் கடைக்கு மேல்மாடியில் ஒரு பாலர் பள்ளி. அதை நடத்திய அம்மாளுக்குப் பெரிய மிஸ் என்று பெயர். உருவம் பெரிசு, பேச்சு அதைவிடப் பெரிசு, தலைக்குள் இருந்ததை மட்டும் ஒரு தீப்பெட்டியில் அடைத்துவிடலாம். "நாலு வயசுலயே பதினெட்டு மெய்யெழுத்தும் எங்க பிள்ளைங்களுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று படியேறி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பதினெட்டு அட்டை வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கரை. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குக் கட்டம் போட்டது. அட்டை முழுசாக மேலே வருவதற்குள் பிள்ளைகள் கத்திவிடுவார்கள். சிவப்பா, "இக்!" பச்சையா, "இங்!" நடுவில் இருக்கும் எழுத்தை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. கரையை ஒரு தடவை கையால் மறைத்துக் கேட்போமே என்று அந்த மகராசிக்கும் தோன்றவில்லை.

தையல்காரியின் மகள் ஒருத்திதான் கத்த மாட்டாள். சின்ன உருண்டைப் பெண், நூல்கண்டு என்று கூப்பிடுவார்கள். அவள் அட்டையின் நடுவில் பார்ப்பாள். நிதானமாகப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் கத்தி முடித்து அடுத்த அட்டை வந்துவிடும்.

"உங்க பொண்ணு ரொம்ப மந்தம்" என்றாள் பெரிய மிஸ் தையல்காரியிடம். "அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது. இன்னொரு வருஷம் பொடிசுங்களோட உக்காரட்டும்."

"வீட்டுல நல்லா சொல்றாளே மிஸ்."

"வீட்டுல எல்லா பிள்ளையும் மேதைதான்."

தையல்காரிக்கு முகம் சிறுத்துப் போனது. "பெத்தவங்க பாக்க வர்ற அன்னிக்கு அவளைத் தனியா ஒரு தடவை கேளுங்க. அப்பவும் சொல்லலைன்னா நீங்க சொன்னபடியே செய்றேன்."

"கேக்கலாம், கேக்கலாம். எனக்கென்ன."

அம்மா வேலை முடித்து வரும்வரை நூல்கண்டு தினமும் கீழே பஞ்சர் கடையில்தான் இருப்பாள். கடைப் பலகையில், 'டயர் ட்யூப் பஞ்சர் காற்று' என்று எழுதியிருக்கும்.

"மாமா, நடுவுல புள்ளி வச்சிருக்கே, அது என்ன?"

பஞ்சர்காரர் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிக்கொண்டே, "அதுவா? இஞ். ப, ஞ், ச, ர். பஞ்சர்" என்பார்.

அந்தப் பலகையில் ஐந்து மெய்யெழுத்து தேறியது. மிச்சத்தை அம்மா வெட்டுத் துணியில் சாக்கட்டியால் எழுதிக் காட்டினாள். கரையும் கிடையாது, கட்டமும் கிடையாது.

பெற்றோர் வருவதற்கு முந்தின நாள் மழை. கூரை ஒழுகி, அட்டைகளில் சாயம் ஓடி எல்லாம் ஒரே சகதி. பெரிய மிஸ் அவசரமாகப் புதுசு அடித்து வாங்கினாள், வெறும் கறுப்பு எழுத்தில். எழுத்து எழுத்துதானே என்று நினைத்தாள். பாவம், அது ஒன்றுதான் அவள் சரியாக நினைத்தது.

மறுநாள் கூடம் நிறையக் கூட்டம். மருந்துக்கடைக்காரர் முன்வரிசையில் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். பெரிய மிஸ் முதல் அட்டையைக் காட்டினாள்.

சத்தமே இல்லை.

"மிஸ், இது சட்டையே போடலையே" என்றது ஒரு வாண்டு.

"செவப்பு எங்க மிஸ்?" என்றது இன்னொன்று.

"கூட்டத்தைப் பாத்து வெக்கப்படுதுங்க" என்று சிரித்தாள் பெரிய மிஸ். அடுத்த அட்டையைக் காட்டினாள். அதற்கும் பேச்சில்லை.

"டேய், வீட்டுல கத்துவியே, கத்துடா!" என்று அதட்டினார் மருந்துக்கடைக்காரர். அவர் மகன் மிரண்டுபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "இக் இங் இச் இஞ்" என்று பதினெட்டையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். கண்ணுகளா, கண்ணை மூடிக்கொண்டு எழுத்தை அடையாளம் காட்டிய அந்தப் பிள்ளைக்கும் நாலு பேர் கைதட்டினார்கள்.

தையல்காரி எழுந்து நின்றாள். "என் பொண்ணைக் கேக்குறேன்னீங்களே மிஸ்."

பெரிய மிஸ்ஸுக்கு எரிச்சல். அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். நூல்கண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தையல்காரி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா, நான் சொல்லலை?" என்று பெரிய மிஸ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இஞ்" என்றாள் நூல்கண்டு. "கீழ பஞ்சர்ல இருக்கு."

பெரிய மிஸ் அடுத்ததை உருவினாள். அதையும் சொன்னாள் நூல்கண்டு. மேலும் கீழும் கலைத்துப்போட்டுக் கேட்டாள் பெரிய மிஸ். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்துப் பார்த்து, பதினெட்டையும் சொல்லி முடித்தாள் சின்னவள்.

இதைப் பார்த்தாவது புத்தி வந்திருக்கும் என்கிறீர்களா? மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "மிஸ், மறுபடியும் கலர்லயே அடிச்சிடுங்க. எங்க பையன் அதுலதான் கரெக்டா சொல்லுவான்." கூடம் மொத்தமும் தலையாட்டியது.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் பெரிய மிஸ். உடனே நூல்கண்டைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு, "எங்க பயிற்சி அப்படி! ஒரு போட்டோ எடுங்க சார்" என்றாள்.

"போட்டோ அப்புறம் மிஸ்" என்று தையல்காரி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அடுத்த வகுப்புன்னு முதல்ல எழுதிக் குடுங்க."

இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்றா சொல்ல முடியும்? எழுதிக் கொடுத்தாள்.

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தாயும் மகளும் படியிறங்கினார்கள்.

"என்ன நூல்கண்டு, தேறிட்டியா?" என்றார் பஞ்சர்காரர்.

"நான் எல்லாம் சொல்லிட்டேன் மாமா. பெரிய மிஸ்ஸுக்குத்தான் ஒண்ணும் தெரியல. ஒவ்வொண்ணா என்கிட்டயே கேட்டாங்க."