தீவிலிருந்து வந்த பொன்னாடை

அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துப் பெரம்பலூரோடு சேர்த்து நாலு வருசமாகியும் 'அரியலூர் மாவட்ட அறிஞர் பேரவை' மட்டும் கலையவில்லை. இல்லாத மாவட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு ரப்பர் ஸ்டாம்பு. தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சாமிதுரை. 2006 கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டப வாசலில் அவர் இருபதடி ஃப்ளெக்ஸில் நின்றார். முதுகுக்குப் பின்னால் கடல், தென்னை. 'சமோவா கண்ட செம்மலே வருக!' வாசகத்தை எழுதியது செம்மலேதான்.

உள்ளே பெண்கள் வரிசையில் அவர் மனைவி கலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் இலக்கியா. தை பன்னெண்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம்.

"ஒங்கண்ணன் கல்யாணத்துக்கு வருதாடி?" என்றாள் பின்வரிசை முத்தாயி.

"எங்க பெரியம்மா? லீவு கெடைக்கலையாம். வியாழக்கிழமதான் மெயில் போட்டுச்சு. மாமனார் மனசு கோணாம நடந்துக்கன்னு ஒரே அட்வைஸ்!"

கலியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அண்ணன் தமிழழகன் ஆவணியிலேயே செத்துப்போயிருந்தான். அமெரிக்கக் கொடி பறக்கும் சமோவாவில், தேசியப் பூங்கா என்று காட்டையும் கடலையும் காபந்து பண்ணிவைத்திருக்கும் ஒரு குட்டித் தீவில், பவளப்பாறைகளைப் பற்றிப் படிக்கப் போனவன். நீரோட்டம் இழுத்துக்கொண்டது. போன் வந்ததும் சாமிதுரை கேட்ட முதல் கேள்வி, "இந்த விசயம் பேப்பர்ல வருமா?" என்பது. உடலை அனுப்பவா என்றார்கள். அங்கேயே அடக்கம் பண்ணிவிடுங்கள் என்றார். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருசம் கல்யாணம் கூடாது. ஜெயங்கொண்டத்துச் சம்பந்தி நடராசன் ஒரு வருசம் காத்திருக்கிற ஆளில்லை. கலியம்மாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த பிறகுதான், "மகன் சுத்திப்பாக்கக் கூப்புட்டான்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போனார்.

திரும்பி வரும்போது பிளேனில் வைத்து வாக்கு வாங்கினார். "தை பன்னெண்டு வரைக்கும் வாயத் தொறக்காத. கல்யாணம் முடியட்டும், அப்பறம் ரெண்டு பேரும் உக்காந்து அழுவோம்." அழுவதற்கும் தேதி குறித்துவிட்டார். மகளுக்காகக் கலியம்மாள் தலையாட்டினாள். அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் அவர் பஸ் ஸ்டாண்டு பிரௌசிங் சென்டருக்குப் போய், மகன் பெயரில் தங்கைக்குக் கடிதம் அடித்துவிட்டு வந்தார்.

மேடையில் செயலாளர் செல்லதுரை விளக்கை அணைத்தார். திரையில் தீவு வந்தது. நாய் மூஞ்சி வௌவால் வந்தது. சாமிதுரை கணீரென்று பேசினார்.

"அங்கே இன்னமும் பழைய சம்பிரதாயம்தான். வேரை இடித்துக் கரைத்த பானத்தைச் சிரட்டையில் தருவார்கள். தகுதி பார்த்துத்தான் குவளை! தீவுத் தலைவர் முதல் குவளையை யாருக்குத் தந்தார் தெரியுமா?"

கைதட்டல். இறந்தவனின் அப்பன் என்பதால் தந்தது என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த படம். ஒரு வீட்டு வாசலில் வெள்ளை மேடை, மேலே பூ, ஓரத்தில் கலியம்மாள்.

"இது வாசலில் காற்று வாங்குகிற மேடை."

"டைல்ஸெல்லாம் போட்ருக்காங்க பாரு," என்றாள் முத்தாயி.

கலியம்மாளுக்கு அந்தக் கல்லின் சூடு கையில் திரும்பி வந்தது. அந்த ஊரில் இறந்தவர்களைத் தூரமாகக் கொண்டுபோவதில்லை. வாசலிலேயே புதைத்து, மேலே உட்கார்ந்து பேசுவார்கள், சாப்பிடுவார்கள், பிள்ளைகள் படுத்துத் தூங்கும். தமிழழகனுக்குச் சோறு போட்ட மாலியா என்ற பெண், அவனையும் தன் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டாள். பெத்த அப்பன் வேண்டாமென்று சொன்ன உடம்பை. சாயங்காலம் சங்கு ஊதினால் ஊரே வீட்டுக்குள் அடங்கி உட்கார்ந்து ஜெபம் பண்ணும். அந்த ஜெபத்தில் மகனின் பெயர் மட்டும் கலியம்மாளுக்குப் புரியும். கிளம்பும் நாள் மாலியா ஒரு பாயைக் கொண்டுவந்தாள். தாழை மடலைத் துணி மாதிரி மெல்லிசாகக் கிழித்து நெய்து, ஓரத்தில் சிவப்புச் சிறகு தைத்தது. சாவுக்கு உறவுக்காரர்கள் கொண்டுவருகிற பாய். கல்லறை மேல் விரித்து, தடவி, மடித்து, மாலியா அதைக் கலியம்மாளின் மடியில் வைத்து அழுதாள். நம்மூரில் கோடித்துணி போடுவது போலத்தான். யாரும் விளக்கவில்லை, கலியம்மாளுக்கே தெரிந்தது.

விளக்கு எரிந்தது. அந்தப் பாய் சாமிதுரையின் தோளில் கிடந்தது. பீரோவில் அவள் சேலைக்கடியில் வைத்திருந்த பாய்.

"தீவு மக்கள் எனக்குப் போர்த்திய பொன்னாடை! மன்னர்களுக்கு மட்டுமே போர்த்துவார்களாம். இந்தப் பெருமையை என் அன்புச் சம்பந்தியோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மேடைக்கு வாங்க சம்பந்தி!"

நடராசன் மீசையைத் தடவியபடி ஏறினார். போட்டோக்காரர் முன்னால் ஓடினார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பாயைப் போர்த்தக் கை தூக்கினார் சாமிதுரை.

"வேணாங்க!"

கலியம்மாள் எழுந்துவிட்டாள்.

"கலியம்மா, உக்காரு," என்றார் சாமிதுரை, மைக்கை மூடாமலே.

"நல்ல காரியத்துக்கு நிக்கிற மனுசருக்கு அதப் போடாதீங்க. அது எம்புள்ளைக்கு விழுந்த கோடி."

நடராசனின் தோளில் பாய் விழுந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். சிவப்புச் சிறகுகள் சட்டைப் பாக்கெட்டில் உரசின. "என்னம்மா சொல்ற?"

"எம்புள்ள ஆவணியிலயே போயிட்டான் சம்பந்தி. அந்தப் படத்துல காத்து வாங்குற மேடைன்னாரே, அதுக்குள்ளதான் இருக்கான்."

"அவளுக்கு உடம்பு சரியில்லை," என்றார் சாமிதுரை. "செல்லதுரை, நன்றியுரை சொல்லிடுங்க."

செல்லதுரை காகிதத்தைப் பிரித்தார். நல்லவேளை, படிக்கவில்லை.

இலக்கியா நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றாள். 

"அப்பா. வியாழக்கெழம எனக்கு மெயில் போட்டது யாரு?"

முப்பத்திநாலு வருசம் அடுத்தவரைக் கேள்வி கேட்டே பழகிய மனுசன். மைக்கில் அவர் மூச்சு விடுவது மண்டபம் முழுக்கக் கேட்டது.

நடராசன் பாயை எடுத்துக் கலியம்மாள் கையில் கொடுத்தார். அவள் அதைத் தரையில் விரித்து உட்கார்ந்தாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தைக்குக் காத்திருக்காமல், அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள். முத்தாயி கொண்டையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

நடராசன் தன் ஆட்களைக் கையசைத்துக் கிளப்பினார். ஃப்ளெக்ஸைத் தாண்டி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்கள். சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. யாரும் சொல்லாமலே போனார்கள்.