முகப்பில் மாமா

சுஜிதாவின் அப்பா வீரையா நல்ல நேரம் பார்க்காமல் நகம்கூட வெட்ட மாட்டார். கடை வெப்சைட்டில் ‘பதினான்கு அப்டேட்’ என்று ஒரு சிவப்பு வட்டம் நிற்பதைப் பார்த்தவர், காலண்டரைப் புரட்டி, சுப ஓரையில் பதினான்கையும் ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார். முதலில் பேக்கப் எடுக்க வேண்டும் என்று காலண்டரில் போடவில்லை போலிருக்கிறது.

அதோடு பக்கங்களை மாற்றியமைக்கிற பேஜ் பில்டர் படுத்துவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெப்சைட் எப்போதும்போலத் தெரிந்தது. உள்ளே போய் ஒரு எழுத்தை மாற்றலாம் என்றால் வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே கிடந்தது. போடியில் இத்தனை ஏலக்காய்க் கடைகள் இருக்க, தன் கையால் கட்டிய வெப்சைட்டுக்குச் சென்னையிலிருந்து ஆர்டர் வருகிறது என்று சுஜிதாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவளுக்கு இது பெரிய அவமானம்.

வேறொரு சமயமென்றால் அப்பா பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த வாரம்தான் அவருக்கும் பிச்சைமணி மாமாவுக்கும் முட்டிக்கொண்டது. மாமா அம்மாவின் தம்பி. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கிறார். “எட்டு மில்லின்னு போர்டு போட்டு ஏழு மில்லி காயை விக்கிறாரு எங்க மச்சான்” என்று நாலு வியாபாரிகள் முன்னால் சொல்லிவிட்டார். ஏலக்காய்க்குப் பருமனை வைத்துத்தான் விலை. சொன்னது உண்மை. அப்பாவுக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

வெப்சைட்டின் முகப்புப் படத்தில் யார் இருக்கிறார்? அதே மாமா. இரண்டு கை நிறையப் பச்சைக்காயை ஏந்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய.

“அவன் மூஞ்சி இன்னிக்கே போகணும்” என்றார் அப்பா.

“பில்டர் லோடு ஆகலப்பா.”

“ஒங்க மாமனுக்கு வக்காலத்தா?”

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தம்பிக்குப் போன் போட்டால் புருஷனுக்கு ஆகாது, போடாவிட்டால் மனசுக்கு ஆகாது. மாமா மறுபடி இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டும், சுஜிதாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் கோளாறு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. பிரவுசரின் கேஷை அழித்தாள். வேறு பிரவுசரில் திறந்தாள். மெமரியைக் கூட்டினாள். வட்டம் நிற்கவில்லை. கடைசியில் பிரவுசரின் பிழைப் பட்டியலைத் திறந்தபோது, ஒரு சிவப்பு வரி நேராகக் கை காட்டியது: மணியடிக்கும் பிளகின்.

அதுவும் அப்பா போட்டதுதான். வெப்சைட்டைத் திறந்தால் முருகன் தோன்றுவார், மணி அடிக்கும், பூ உதிரும், பிறகுதான் ஏலக்காய். புது பில்டருக்கும் அந்தப் பழைய பிளகினுக்கும் ஒத்துப்போகவில்லை.

“இத ஆஃப் பண்ணணும்பா.”

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சாமிய ஆஃப் பண்றதா? என்ன பேச்சு பேசுற! இன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற.”

சனிக்கிழமை ஆகாது என்றார். அடுத்து கிருத்திகை, முருகனுக்கே உரிய நாள், வாயைத் திறக்கக்கூடாது. அப்புறம் அமாவாசை. மாமா முகப்பிலேயே சிரித்துக்கொண்டிருந்தார். சாமியே மாமா பக்கம்தான் என்று சுஜிதா உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தாள்.

ஆனால் நல்ல நாள் ஒன்று வரத்தானே செய்யும். அப்பா குளித்து, மானிட்டருக்குச் சூடம் காட்டி, “ஒதுக்கி வையி” என்றார். அவள் பிளகினை நிறுத்தினாள். பில்டர் அப்படியே மலர்ந்தது! ஒரு நிமிஷம் எதற்காகத் திறந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோனது, அவ்வளவு சந்தோஷம்.

“எடு அவனை” என்றார் அப்பா.

மனசில்லாமல் எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு கிண்ணம் ஏலக்காய் வைத்துச் சேமித்தாள். பாவி மவுசு, சொன்னதை உடனே கேட்டது.

அரைமணி நேரம் போயிருக்காது. வாசலில் ஜீப்பு வந்து நின்றது. மாமா! ஒரு கையில் பலாப்பழம், ஒரு கையில் போன்.

“மச்சான், நாந்தேன் வாய்த்துடுக்கா பேசிப்புட்டேன். எம்மேல கோவந்தீரலையோன்னு தெனம் எந்திரிச்சதும் ஒங்க வெப்சைட்டத் தொறந்து பாப்பேன். நான் அப்படியே இருக்கேன். அம்புட்டு கோவத்துலயும் மச்சான் நம்மள எடுக்கலையேன்னு நெஞ்சு அடைச்சுப்போச்சு. வந்துட்டேன்.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. “ஒன்னைய எடுப்பனா மாப்ளே? யாரப் பாத்து என்ன பேசுற!”

“இந்தா பாருங்க” என்று மாமா போனை நீட்டித் திறந்தார். மணி அடிக்கவில்லை. பூ உதிரவில்லை. கிண்ணம்தான் வந்தது.

“நான் எங்க?”

மாமாவின் கண் வாசலில் கழற்றிவிட்ட செருப்புக்குப் போனது. அடுக்களை வாசலில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா சுஜிதாவைப் பார்த்தார். அப்படி ஒரு கெஞ்சலை அவர் முகத்தில் அவள் அதுவரை கண்டதில்லை.

“நாந்தான் மாமா. கோளாறு பாக்கும்போது கைதவறி அழிச்சிட்டேன்.”

“நான் அப்பவே சொன்னேன், கண்டதையும் நோண்டாதேன்னு!” அப்பா இழுத்த மூச்சை விட்டது கடைக்கே கேட்டிருக்கும். “சாமியவும் சேத்துல்ல தூக்கிருச்சு இந்தக் கழுதை!”

“சாமியவுமா?” மாமா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு நிமிச சோலி மாமா, திரும்ப வச்சுர்றேன்.”

“ஒண்ணுந்தொட வேணாம்” என்றார் அப்பா. “இனிமே மதுரையில ஆள் பாத்துக்கிருவோம். என்ன மாப்ளே?”

“அதான் சரி மச்சான். சின்னப்புள்ள கையில குடுத்தா இப்படித்தேன்.”

இரண்டு இலை விழுந்தது. இரண்டு பேரும் ஏழு மில்லியை மறந்து, மதுரைக்காரனுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சுஜிதா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அம்மா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டே கேட்டாள். “நெசமாவே நீதான் அழிச்சியா?”

அம்மாவிடமாவது சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. வெளியே மாமா எதற்கோ பெரிதாகச் சிரித்தார்.

“ஆமாம்மா.”

“கூறுகெட்டவளே! பெத்த தாயோட தம்பிடி அவன்! கை எப்படிடி வந்துச்சு ஒனக்கு?”

ஒரு வாரத்துக்கு அப்புறம் அம்மாவின் முகத்தில் ரத்த ஓட்டம் வந்திருந்தது. திட்டிக்கொண்டே ஒரு துண்டு கறியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.